சிம்லாச் செடி மாமி

தூங்குகிறவர்களை எழுப்பி, "தூங்கறயா?" என்று கேட்கிற மனுஷி ஒருத்தியைத்தான் நான் இந்த ஜன்மத்தில் பார்த்திருக்கிறேன்.

கல்யாணமாகி, கும்பகோணத்திலிருந்து நாள்கணக்காக ரயிலில் குலுங்கி, கல்கத்தாவின் பாலிகஞ்சில் வந்து இறங்கிய மறுநாள் மத்தியானம். என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போய்விட்டார். பாஷை தெரியாத ஊர். யாராவது வாசலில் வந்து நின்று ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே உட்கார்ந்திருந்து, அந்த அலுப்பில் கண்ணசந்துவிட்டேன். மூக்குக்குக் கீழே பூச்சி ஊர்வதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தால் என் முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில் இன்னொரு முகம். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். விரலை மடக்கி என் மூக்கடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வீல் என்று கத்தினேன்.

"கத்தாதேடி கொழந்தே. மூச்சு வரதான்னு பாத்தேன். அசங்காம படுத்துண்டிருந்தே."

"நீங்க யாரு?"

"பக்கத்தாம். உறைகுத்த மோர் இருக்கான்னு கேக்க வந்தேன். தூங்கறயா என்ன?"

மோரை வாங்கிக்கொண்டு படி இறங்கியவள் திரும்பி வந்து, "நெஜம்மாவே ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கல்கத்தாவில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் இதுதான். எனக்கு அப்போது பதினைந்து வயசு. அவளுக்கு என்னைப்போல் இரண்டு மடங்குக்கு மேலேயே இருக்கும்.

அது ஒரு வங்காளிக் குடும்பத்தின் வீடு. மேல்மாடியில் வீட்டுக்கார அம்மாள் இருந்தாள். கீழ்த்தளத்தை இரண்டாகத் தடுத்து ஒரு பாகத்தில் எங்களையும் மறு பாகத்தில் அவர்களையும் வைத்திருந்தாள். பின்னால் ஒரு குளம், இரண்டு பாக்கு மரம், சமையலறையை ஒட்டிக் கொஞ்சம் மண். இன்றைக்கு அந்த இடத்தைத் தேடிப் போனால் மாடிக்கு மேல் மாடியாக நிற்கிறது. அப்போது பொழுது சாய்ந்தால் நரி ஊளையிடும். ஊரில் இருந்த நம்மவர்கள் எல்லோருக்கும் அவள் சிம்லா மாமி. மேல்மாடி அம்மாளுக்கு 'திதி', அதாவது அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் அதை இங்கே எழுதப்போவதில்லை.

எதையும் மூடி வைத்துவிட்டு மாமியால் சும்மா இருக்க முடியாது. உலையில் அரிசியைப் போட்டால் கொதி வருவதற்குள் பத்துத் தடவை தட்டைத் தூக்கிப் பார்ப்பாள். ஆவக்காய் போட்டுத் துணி கட்டி வைத்த ஜாடியைத் தினம் அவிழ்த்து மோந்து பார்ப்பாள். அதனால் அவள் வீட்டு ஆவக்காய் ஒரு மாசத்தைத் தாண்டியது கிடையாது, பூசணம் பூத்துவிடும். "நல்லவேளை, பாத்தேன். இல்லேன்னா பூசணம் பூத்தது தெரியாமலே இருந்திருக்குமே" என்பாள். மேல்மாடி அம்மாளின் கிழட்டுப் பூனை படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தால்கூட, அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போவாள்.

அவளுக்கு ஒரே பெண், விசாலம். நான் போனபோது ஒன்பது வயசு இருக்கும். அந்தக் குழந்தை எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் பொழுதுக்கும், "விசாலம், இருக்கியா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். குளத்தங்கரையிலிருந்தோ மாடியிலிருந்தோ, "இருக்கேம்மா" என்று பதில் போகும். தூங்கும்போதும் விடமாட்டாள். பாவம், அது பழகிப்போய்க் கண்ணைத் திறக்காமலே, புரண்டு படுத்துக்கொண்டே, "இருக்கேம்மா" என்று சொல்லும். நான் அதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

நான் வந்தது தை மாசம். ஒரு நாள் காலையில் கொல்லைப்பக்கம் போனால், மாமி மண்ணில் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். செங்கல்லைச் சாய்த்து நட்டு வரப்புக் கட்டிய சின்னப் பாத்தி. அதில் ஒரு புல்கூட இல்லை. வளைந்து போன பழைய தோசைத் திருப்பி ஒன்றை வைத்துக்கொண்டு மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி, குனிந்து உற்றுப் பார்த்து, திரும்ப மூடினாள்.

"என்ன மாமி பண்றேள்?"

"செடியைப் பாக்கறேன்."

"செடி எங்கே?"

"உள்ளே இருக்கு" என்றாள்.

இது என்னடா, நமக்கு வாய்த்த பக்கத்து வீடு இப்படியா என்று எனக்குக் கலக்கமாகிவிட்டது. ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவாளுக்குச் சிம்லாவிலே ஒரு பிள்ளை போயிடுத்து. அதைப் பத்தி ஒண்ணும் கேட்டு வைக்காதே" என்று மட்டும் சொன்னார்.

நான் கேட்கவில்லை. அவளே ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். மாமா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வெயில் வந்தால் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆபீசைச் சிம்லாவுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், குளிருக்குத் திரும்பக் கல்கத்தாவுக்கு வருவார்கள். குமாஸ்தாக்களும் காகிதக் கட்டுகளோடு கட்டாகப் போய் வர வேண்டும். ஒரு வருஷம் மாமாவின் பிரிவை மட்டும் குளிர்காலத்திலும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"கொழந்தைக்குப் பால்குடி மறக்கலே. கம்பளிக்குள்ளே என்னோட ஒட்டிண்டு படுத்துண்டிருந்தான். காலம்பற எழுந்து வேலையெல்லாம் பாத்தேன். தூங்கறான், தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்னு இருந்துட்டேன். வெயில் ஏறினப்பறம் போய்த் தொட்டேன்." கல் ஒன்றை எடுத்துத் தூர எறிந்தாள். "ஒரு தரம் தொட்டுப் பாத்திருந்தா? காலம்பறயே தொட்டுப் பாத்திருந்தா?"

நானும் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

சிம்லாவில் அவர்கள் இருந்த வீட்டுக்கு முன்னால் யாரோ துரைசாணி வைத்துவிட்டுப் போன செடி ஒன்று இருந்ததாம். பனி கொட்டியதும் தரையோடு தரையாகக் கருகிப் போயிற்றாம். குழந்தை போன துக்கத்தில் அதை யார் பார்த்தார்கள்? பனி உருகிய பிறகு ஒரு நாள் வாசலுக்கு வந்தால் மண்ணைக் கீறிக்கொண்டு பச்சையாக முளை. வெயில் காலத்துக்குள் இடுப்புயரம் வளர்ந்து பூத்துவிட்டதாம்.

"செத்துப் போனது திரும்பி வரதைக் கண்ணால பாத்தேண்டி" என்றாள் மாமி.

மாமா கெஞ்சிக் கூத்தாடி, வருஷம் முழுவதும் கல்கத்தாவிலேயே இருக்கும் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். கீழே இறங்கும்போது மாமி அந்தச் செடியின் தூரைப் பிளந்து, ஈரத் துணியில் சுற்றி ஒரு தகர டப்பாவில் வைத்து எடுத்து வந்தாள். கை நிறைய எடுத்தாளாம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் டப்பாவைத் திறந்து, துணியைப் பிரித்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்ததில், ஹௌராவில் இறங்கும்போது இரண்டே இரண்டு வேர்தான் தேறியது. அந்த இரண்டையும் பாத்தியில் வைத்தாள். குளிர் வந்ததும் இலை உதிர்ந்து அது மண்ணுக்குள் போய்விட்டது. அதன் சுபாவமே அதுதான். ஆனால் மாமிக்குப் பொறுக்குமா? சுரண்டிப் பார்ப்பாள், வேர் வெள்ளையாக இருந்தால் மூடுவாள், மறுவாரம் மறுபடியும் சுரண்டுவாள். அந்தச் செடிக்கு ஆணிவேர், ஆழமாக இறங்கும். அசைத்தால் அதற்கு ஆகாது. இரண்டில் ஒன்று இப்படித்தான் போயிற்று.

"நட்டாச்சோல்லியோ? இனிமே அது பாடு" என்பார் மாமா. அவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

மேல்மாடி அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "தாக் நா, திதி, தாக் நா" என்று கத்துவாள். இருக்கட்டுமே, விடேன் என்று அர்த்தம். நான் வங்காளியில் முதலில் கற்றுக்கொண்ட பேச்சு இந்தத் 'தாக் நா'தான். தினம் காதில் விழுந்தால் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே.

மாசியில் முளை வரும். அதைத் தொட்டுத் தொட்டே வளர விடமாட்டாள். சொரசொரவென்று நாலு இலை விட்டதோடு நின்றுவிடும். ஆனால் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். ஆடி, ஆவணியில் அந்த ஊரில் மழை பெய்வது மழையில்லை, வானத்தையே கவிழ்த்துக் கொட்டுவது. கொல்லையில் தண்ணீர் நிற்கும். மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மழை விட்டதும் விடாததுமாகப் பாத்தியில் நிற்கும் தண்ணீரைச் சொம்பால் இறைத்து வெளியே ஊற்றுவாள். செங்கல் பொடியும் ஆற்று மணலும் அள்ளிப் போடுவாள். மலைச்சரிவில் வளர்ந்த செடி, காலில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அத்தனை மழைக்காலமும் அது பிழைத்ததென்றால் அந்தச் சொம்பினால்தான்.

ஒரே ஒரு வருஷம் அது பூத்தது. அந்த வருஷம் மாசியில் மாமிக்கு மலேரியா பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுக் குளிர் ஜுரம், கொய்னா மருந்து, காதில் இரைச்சல். சித்திரை முடிகிறவரை எழுந்து நடமாட முடியவில்லை. யாரும் தொடாமல் விட்ட அந்தச் செடி விறுவிறுவென்று கிளம்பி என் இடுப்புக்கு வந்துவிட்டது. வைகாசியில் பூ. ஊதாவும் ரோஜா நிறமும் கலந்த இதழ்கள், எல்லாம் கீழ்நோக்கித் தொங்கின. நடுவில் ஊமத்தங்காய் மாதிரி முள்ளு முள்ளாக ஒரு குமிழ், செம்மஞ்சள் நிறத்தில். இங்கிலீஷில் அதற்குக் கோன்ஃபிளவர் என்று பெயராம், வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வாசனை கிடையாது. தலையில் வைத்துக்கொள்ள முடியாது. சாமிக்குப் போடலாம் என்றால் முள் குத்துகிறது. இதற்கா இத்தனை பாடு என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் விசாலமும் நானும் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

"பாத்தேளா, சும்மா விட்டா எப்படிப் பூக்கறது!" என்றேன்.

"சும்மா விட்டதாலயா? மூணு வருஷமா நான் கிளறி விட்டதாலேன்னா!" என்றாள். ஜுரம் விட்ட கையோடு தோசைத் திருப்பியைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

விசாலத்துக்குப் பதினோரு வயசில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீடு காளிகாட்டில், கோவிலுக்குப் போகிற சந்து ஒன்றில். அவர்களும் நம்மவர்கள்தான், மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் உத்தியோகம். பெண் பெரியவளாகிப் புக்ககம் போனாள். அன்றைக்கு மாமி வண்டி மறைகிற மட்டும் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, பழக்க தோஷத்தில், "விசாலம், இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் திகைத்து நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்புறம் அவளுக்குத் திடீரென்று காளி பக்தி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காளி, வெள்ளிக்கிழமை காளி, அமாவாசைக்குக் காளி. பாலிகஞ்சிலிருந்து அவ்வளவு தூரமும் நடை. என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போவாள். கோவிலுக்குள் அரை நிமிஷம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அங்கிருந்து நேரே சம்பந்தி வீடு. பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது நம் வழக்கம். மாமி அதற்கு மேலே ஒரு படி, உள்ளேயே போகமாட்டாள். வாசலில் நின்றுகொண்டு, "விசாலம், இருக்கியா?" என்பாள். உள்ளேயிருந்து, "இருக்கேம்மா" என்று குரல் வரும். திரும்பிவிடுவாள். முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, குரல் போதும்.

"பொண்ணைக் குடுத்தாளா, அடகு வெச்சாளா?" என்று விசாலத்தின் மாமியார் எனக்குக் கேட்கிற மாதிரி ஒரு தரம் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தால் எந்தச் சம்பந்திக்குத்தான் பிடிக்கும்?

விசாலம் உண்டானாள். ஆனி மாசம், மசக்கை தெளிந்து, ஒரு நாளைக்கு அம்மாவைப் பார்த்துவிட்டுப் போக வந்தாள். நானும் அங்கே இருந்தேன். என் பிள்ளைக்கு அப்போது ஒரு வயசு, மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். மாமி அவன் மூக்கடியில் விரலை வைக்கக் கையை நீட்டியபோது விசாலம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கக்கூடாது. சீமந்தம் வரைக்கும் நீ அங்கே வராதே."

"ஏன்? அவா ஏதாவது சொன்னாளா?"

"அவா சொன்னா நான் பொறுத்துப்பேன். நீ வாசல்ல வந்து நின்னுண்டு இருக்கியா, இருக்கியான்னு கேக்கறச்சே, நான் எப்ப வேணாலும் போயிடப்போறவ மாதிரி எனக்கே இருக்கும்மா. நீ போனப்பறம் வெகுநேரம் நெஞ்சு அடிச்சுக்கறது. வயத்துல வேற ஒண்ணு இருக்கு. பயமா இருக்கும்மா."

மாமி கையை இழுத்துக்கொண்டாள். மாமா அங்கே மணையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டேன்.

"கொழந்தை சொல்றது நியாயந்தான். சீமந்தம் முடிஞ்சு அவாளே கொண்டுவந்து விடப்போறா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகாதே. அந்தச் செடியையும் தொடாதே. செடியைத் தொட்டா கொழந்தையையும் போய்ப் பாக்கணும்னு பரபரங்கும். நீ படுத்துண்ட வருஷந்தான் அது பூத்தது, ஞாபகம் இருக்கோல்லியோ?"

மாமி விசாலத்தின் கையில் தன் கையை வைத்து, "வரலேடி. கேக்கலே" என்றாள். மாமா எழுந்து போய்த் தோசைத் திருப்பியை எடுத்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான தாழ்வாரத்தின் உத்தரத்தில், அவளுக்கு எட்டாத உயரத்தில் செருகினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் யாரும் அவள் அந்த வாக்கைக் காப்பாற்றுவாள் என்று நினைக்கவில்லை. அவள் காப்பாற்றினாள். என் வீட்டுக்கு வருவாள், தூங்குகிற என் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவாள், இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொள்வாள். என் பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் முறையாக மத்தியானத்தில் முழுத் தூக்கம் தூங்கினான். "மாமி, நீங்க ரொம்ப மாறிட்டேள்" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மேல்மாடி அம்மாள் இறங்கி வந்து அவள் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டுப் போனாள்.

ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கொல்லையெல்லாம் வெள்ளம். செங்கல் வரப்புக்குள் தண்ணீர் தளும்பி நின்றது.

"மாமி, பாத்தியில தண்ணி நிக்கறதே" என்றேன்.

"நிக்கட்டும். தொடலேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். செடியின் இலைகள் பழுத்துக் கறுத்து விழுந்தன. அது வழக்கமாக உள்ளே போகிறதுதானே, இந்தத் தரம் கொஞ்சம் முன்னாடியே போகிறது என்று நாங்கள் சொன்னோம்.

ஆவணியில் ஒரு நாள் மாமா ஆபீசிலிருந்து வந்து, குடையை உதறிக்கொண்டே, "சம்பந்தியை டிராம்ல பாத்தேன். விசாலம் சௌக்கியமா இருக்காளாம்" என்றார்.

"நீங்க பாத்தேளா?" என்றாள் மாமி.

"அவர்தானே சொன்னார்."

மாமி ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். கேட்கவில்லை. "சரி" என்று உள்ளே போய்விட்டாள். எனக்கு அவள்மேல் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை காலையில் குதிரை வண்டி ஒன்று வாசலில் நின்றது. மாப்பிள்ளையின் சித்தப்பா இறங்கினார். மாமி தாழ்வாரத்துக்கு ஓடி வந்து, அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை ஒரே வார்த்தையாகக் கேட்டாள்.

"இருக்காளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜுரம்தான். வாரத் தொடக்கத்தில் வந்ததாம். டிராமில் மாமாவைப் பார்த்த அன்றைக்கே உடம்பு கொதித்துக்கொண்டிருந்ததாம். சாதாரண மழைக்கால ஜுரம், இரண்டு நாளில் விட்டுவிடும், அந்த அம்மாளுக்குச் சொன்னால் ஓடிவந்து வாசலில் நின்று ஊரைக் கூட்டுவாள், பெண்ணும் பயந்து போகும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ராத்திரி தூங்குகிறாள் என்று நினைத்து அவளைத் தூங்க விட்டார்களாம். விசாலத்தின் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் இதைச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளும் அந்தப் பெண்ணை நன்றாகத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டுக்குள் மாமி அன்றைக்குத்தான் முதல் முறையாகப் படியேறிப் போனாள். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாமி பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது விரலைக் கொண்டுபோய் மூக்கடியில் வைக்கப்போகிறாள், அதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் வைக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, என் பிள்ளை தூங்கும்போது உட்கார்ந்திருந்தாளே, அதேபோல் உட்கார்ந்திருந்தாள். எடுக்கிற வரையில் அப்படியே இருந்தாள்.

அதற்குப் பிறகு மாமி யாரையும் எதுவும் கேட்டதில்லை. உலையைத் திறந்து பார்க்கமாட்டாள், சோறு குழைந்து கிடக்கும். ஆவக்காய் ஜாடி கட்டிய துணியோடு அப்படியே இருந்தது. பூனை ஒரு நாள் படியில் செத்துக் கிடந்தது. அவள் அதைத் தாண்டிக்கொண்டு போனாள். நான் மத்தியானங்களில் வேண்டுமென்றே வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு, கண்ணை மூடி அசையாமல் படுத்திருப்பேன். வந்து விரலை வைக்கமாட்டாளா என்று இருக்கும். காலடிச் சத்தம் கேட்கும். வாசலைத் தாண்டிப் போய்விடும்.

தலைநகர் டெல்லிக்குப் போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த சமயம் அது. மாமாவின் ஆபீசும் போவதாக உத்தரவு வந்தது. பங்குனிக் கடைசியில் புறப்பாடு. மாசி போய்ப் பங்குனியும் முடியப்போகிறது, பாத்தியில் முளை ஒன்றும் வரவில்லை. மேல்மாடி அம்மாள் ஜன்னலிலிருந்து, "தாக் நா, மண்ணுக்குள்ளே தூங்குகிறது, வரும்" என்று வங்காளியில் எனக்குத் தைரியம் சொன்னாள். மாமி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புறப்படுகிற அன்று காலையில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வேரைத் தோண்டி ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தால் டெல்லியில் கொண்டுபோய் வைத்துக்கொள்வாளே. டெல்லியில் நல்ல குளிராம், இங்கே மாதிரி மழையும் இல்லையாம். அங்கேயாவது அது பிழைக்கட்டும். முக்காலியைப் போட்டு ஏறி உத்தரத்திலிருந்து தோசைத் திருப்பியை எடுத்தேன். துருப்பிடித்திருந்தது. பாத்தியைச் சுரண்டினேன், இன்னும் ஆழமாகச் சுரண்டினேன், பிறகு திருப்பியை வைத்துவிட்டுக் கையாலேயே அள்ளினேன். கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ விரலில் ஒட்டியது. நாற்றம் வந்தது. போன ஆவணியிலேயே அது போயிருக்க வேண்டும். வேர் என்று சொல்லிக்கொள்ள ஒரு நார்கூட மிஞ்சவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். எனக்கு அழுகையாக வந்தது. ஒரு செடிக்காக யாராவது அழுவார்களா என்று என்னை நானே திட்டிக்கொண்டு எழுந்தேன்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. பெட்டி, பாத்திர மூட்டை எல்லாம் ஏற்றியாயிற்று. மாமா முன்னால் உட்கார்ந்துவிட்டார். மாமி ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். என்னத்தைப் பேசுவது? போய்க் காகிதம் போடுங்கோ, உடம்பைப் பாத்துக்கோங்கோ என்று ஏதோ சொன்னேன். அவள் என் தலைக்கு மேலாகக் கொல்லைப் பக்கம் பார்த்தாள்.

"அது இருக்கா?" என்று கேட்டாள்.

விசாலம் போன பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி.

"இருக்கு மாமி. மண்ணுக்குள்ளே இருக்கு. வரும்" என்றேன்.

"நீ பாத்தியா?"

மாமி குனிந்து ஜன்னல் கட்டையில் இருந்த என் கையைப் பார்த்தாள். நகத்துக்குள்ளெல்லாம் மண், விரலில் அந்தக் கறுப்பு. வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைக் கட்டையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள்.

"உள்ளே போய்க் கையை நன்னா அலம்பிக்கோ. கொழந்தையைத் தூக்கணுமோல்லியோ" என்றாள்.